45 என்றால் எது?

செஸ்னா 152 என்ற சிறு பயிற்சி விமானம் இரண்டு மணி நேரம் பறக்க எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று விமானப் பயிற்சித் தாளில் கேட்டிருந்தேன். ஒரு மாணவனின் விடை 45. கணக்கில் ஒரு குறையும் இல்லை. அந்த விமானம் மணிக்கு ஏறத்தாழ 6 அமெரிக்கக் கலன் குடிக்கும், இரண்டு மணி நேரத்துக்கு 12, கலனுக்கு 3.785 லீற்றர். பெருக்கினால் 45 சொச்சம். அலகை மட்டும் எழுதவில்லை. பூச்சியம் போட்டேன்.

“சேர், 45 கலன் அந்தத் தாங்கியில் கொள்ளாதுதானே? லீற்றர் என்று யாருக்கும் விளங்கும்,” என்றான்.

நியாயம்தான், தாங்கிகளின் கொள்ளளவே 26 கலன். ஆனால் இறாத்தல்? அந்த விமானத்தின் நிறை-சமநிலைத் தாளில் எரிபொருள் இறாத்தலில்தான் ஏறுகிறது. கலனுக்கு ஏறத்தாழ 6 இறாத்தல். 45 இறாத்தல் என்றால் ஏழரைக் கலன். ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நம் ஊரில் இறாத்தல் பாணோடு நின்றுவிட்டது. விமானக் கையேட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

விடாமல் 1983 ஜூலைக் கதையையும் சொன்னேன். எயர் கனடாவின் போயிங் 767. தேவை 22,300 கிலோ. லீற்றருக்கு 1.77 இறாத்தல் என்பதை 1.77 கிலோ என்று கொண்டு கணக்கிட்டார்கள். பாதிக்கும் குறைவான எரிபொருள். நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்று, கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் சறுக்கி இறங்கியது. நல்லகாலம், யாரும் சாகவில்லை.

“அங்கே ‘1.77 என்ன?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் என்னிடம் கேட்கவில்லையே, சேர். பூச்சியம்தானே போட்டீர்கள்?”

“தம்பி, தாள் திருத்துகிறவன் கேட்க முடியாது,” என்றேன். உண்மைதான். அவன் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்ததும் உண்மை.

சீனக்குடா விமானத்தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம், உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தத்தை ‘கியூஎன்எச் 1009’ என்று சொன்னால் விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையென்றால் கோபுரம் திருத்தும்; தண்டிப்பதில்லை. அந்த முறையைப் படிப்பிக்கிறவனே நான். அவன் பக்கம் சாய்ந்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் வேறொன்று இடிக்கிறது. கோபுரம் வெறும் 992 என்கிறது, விமானியும் வெறும் 992 என்கிறார். இருவர் காதுக்கும் சரி. கோபுரம் சொன்னது எக்டோபாஸ்கல் என்ற அழுத்த அலகில்; விமானியோ அதை 29.92 அங்குலப் பாதரசம் என்று எடுத்து உயரமானியில் வைத்துவிட்டார். உயரமானி ஏறக்குறைய 600 அடி கூட்டிக் காட்டும். நம் பக்கத்தில் அழுத்தம் அவ்வளவு இறங்குவது அபூர்வம் என்பது வேறு விஷயம். அலகில்லாத எண் கேள்விக்கும் தப்பிவிடுகிறது. அப்படியானால் பூச்சியம் சரியா? பூச்சியத்துக்குப் பயந்து எழுதிய அலகு வானத்தில் நினைவுக்கு வருமா?

அவன் மீனவர் வீட்டுப் பிள்ளை. தகப்பனின் படகில் ஆழம் ‘எட்டு’ என்றால் எட்டுப் பாகம்தான், பாகம் என்றால் ஏறத்தாழ ஆறடி. விளக்கிச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரே அலகு ஆளுகிற இடத்தில் வளர்ந்தவனிடம் நான் மூன்று அலகுகளைக் கொட்டிவிட்டு, எதுவென்று எழுது என்கிறேன்.

இப்போதெல்லாம் அலகில்லாத விடைக்கு அருகே ‘எது?’ என்று எழுதுகிறேன். பூச்சியத்தையும் போடுகிறேன். பதில் சொன்னால் அதை எடுத்துவிடுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.