எந்தக் கந்தையா?

நூலகப் பட்டியலை லிங்க்ட் டேட்டாவாக, அதாவது ஆள், ஊர், நூல் ஒவ்வொன்றுக்கும் இணைய முகவரி கொடுத்து இணைத்த தரவாக, மாற்றுகிறோம் என்றால், அது கணினிக்காரர் பார்க்கிற வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மட்டக்களப்பில் இந்த வேலையில் இருக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோப்புகளைக் கணினி நிரல் மாற்றிவிடும். ஆளை அடையாளம் காண ஊரைத் தெரிந்தவர் வேண்டும்.

எங்கள் பதிவுகள் கோஹா என்ற நூலக மென்பொருளில், மார்க் 21 என்ற பட்டியல் வடிவில் இருக்கின்றன. மார்க், 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் அவ்ரம் உருவாக்கியது. ஒவ்வொரு தகவலுக்கும் எண்ணிட்ட ஒரு புலம்: 100இல் ஆசிரியர், 245இல் தலைப்பு, 650இல் பொருள் என்று பட்டியல் அட்டையைக் கணினிக்கு ஏற்றினார்கள். அட்டையில் போலவே அங்கும் பெயர் வெறும் எழுத்துகள்தான். அதே நூலகம் பிறகு லிங்க்ட் டேட்டாவுக்காகக் கொண்டுவந்த பிப்ஃபிரேம் என்ற வடிவம் வேறு மாதிரி. 2016இல் வந்த அதன் 2.0 வடிவம் நூலைப் படைப்பு, பதிப்பு, பிரதி என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஆசிரியருக்கும் ஊருக்கும் தனித்தனி இணைய முகவரி கொடுத்து, ஒன்றோடொன்று இணைக்கிறது. மாற்றும் நிரலையும் காங்கிரஸ் நூலகமே இலவசமாகத் தருகிறது. அதை ஓடவிடுவதில் பெரிய சிரமம் இல்லை.

வந்து விழுவதை வாசிக்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. 100 புலத்தில் பெயர் மட்டும் இருந்து, அவர் என்ன செய்தார் என்ற குறியீடு இல்லாவிட்டால், நிரல் அவரைப் 'பங்களித்தவர்' என்று மட்டும் போடும். எங்கள் பழைய பதிவுகளில் அந்தக் குறியீடு அனேகமாக இல்லை. கூத்து நூல்களில் இது அநியாயமாகவே முடிகிறது. வடமோடி என்ற கூத்து வகையில் ஒன்றை எடுத்தால் பாடியவர் ஒருவர், ஆட்டம் பழக்கிய அண்ணாவியார் ஒருவர், கொப்பியைப் பார்த்து எழுதியவர் ஒருவர், அச்சுக்குப் பதிப்பித்தவர் இன்னொருவர். இதில் அண்ணாவியாரின் பெயர் பெரும்பாலும் 500 புலத்தில், பொதுக்குறிப்புக்குள் கிடக்கும். நிரல் குறிப்பைக் குறிப்பாகவே கொண்டுபோகும். உள்ளே ஓர் ஆள் இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்து, பெயரை எடுத்து, 700 புலத்தில் அவரவர் பங்கோடு சேர்க்கிறோம். மெதுவாகத்தான் நகரும். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அப்புறம் ஊர். 1961இல்தான் அம்பாறை தனி மாவட்டமானது. அதற்கு முந்திய நூலில் 'மட்டக்களப்பு மாவட்டம்' என்றால் இன்று அம்பாறையில் இருக்கும் கல்முனையும் காரைதீவும் அக்கரைப்பற்றும் அதற்குள் அடக்கம். கண்ணை மூடிக்கொண்டு இன்றைய மாவட்டத்தின் முகவரியை இணைத்தால், கல்முனைப் பிள்ளை தன் ஊரைப் பற்றித் தேடும்போது அந்த நூல் அகப்படாது. அதனால் நூலில் வரும் ஊர்களையே நேரடியாக இணைக்கிறோம். மாவட்ட எல்லை மாறினாலும் ஊர் இடம்பெயராதுதானே.

எல்லாவற்றிலும் கடினம் ஆட்பெயர். 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதிய வி.சீ. கந்தையா, வி.சி. கந்தையா என்றும் வருவார், பண்டிதர், வித்துவான் என்ற பட்டங்களோடும் வருவார். தரவைச் சீர்செய்யும் ஓபன்ரிஃபைன் என்ற மென்பொருள் இவற்றை ஒன்றுசேர்க்க உதவும். சரி, ஆனால் வேறு முதலெழுத்துள்ள இன்னொரு கந்தையாவையும் இவரோடு சேர்க்கவா என்று கேட்கும். விபுலாநந்தர் விஷயம் நேர்மாறு. மயில்வாகனம், பிரபோத சைதன்யர், விபுலாநந்தர் மூவரும் ஒருவர் என்பதை எழுத்தைப் பார்த்து எந்த நிரலாலும் கண்டுபிடிக்க முடியாது. அவருக்காவது விக்கிதரவு என்ற திறந்த இணையத் தரவுத்தளத்தில் இடம் உண்டு. ஒரேயொரு கவிதை நூலோடு நின்றுவிட்ட ஆசிரியர்களுக்கு எங்கே போவது?

ஓய்வுபெற்ற எங்கள் மூத்த ஊழியர் ஒருவரிடம் பெயர்ப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போவேன். இரண்டு பெயர்களில் விரலை வைத்து, "ரெண்டும் ஒராள்தான் தம்பி. பள்ளிக்கூடத்துல படிப்பிக்கக்குள்ள புனைபேர்லதான் எழுதினவர்" என்பார். ஓர் ஆளின் பல பெயர்களையும் ஒன்றாக உறுதிசெய்து வைக்கும் பெயர் அதிகாரப் பதிவில் 670 என்று ஒரு புலம் உண்டு, தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று எழுத. அவர் சம்மதத்தோடு அவர் பெயரையும் தேதியையும் அதில் எழுதுகிறேன். புத்தகத்தின் பின்னட்டையைச் சான்றாக ஏற்கிறோமென்றால் இதை ஏன் ஏற்கக்கூடாது?

இதுவரை உறுதிசெய்த பெயர்களை ஒரு கோப்பாக வைத்திருக்கிறோம். அம்பாறைப் பக்கத்து நூலகர்கள் கேட்டால் அப்படியே தருவோம். அவர்களுக்குத் தெரிந்த புனைபெயர்களையும், யார் சொன்னது என்ற விவரத்தோடு எங்களுக்கு அனுப்ப வேண்டும்.