ஏழாம் துளையில் ஒரு முறுக்குத் துண்டு

சின்ன வயதில் எனக்கு இழுப்பு. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் விடிகாலைப் பனி இறங்கினால் போதும், நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். அம்மா பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள்கணக்குக்கு, போகாமல் என்னைத் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். அப்படி ஒரு நாள், மருந்து கலக்கிக் கொடுத்த டிரசர் (மருத்துவ உதவியாளர்) ஐயா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மவுத் ஆர்கனை எடுத்தார். ஸ்பிரிட்டில் துடைத்து என் கையில் வைத்தார்.

"தம்பி, இதுல பாதிச் சுரம் ஊதுனா வரும், மீதி இழுத்தாத்தான் வரும். இழுப்புத்தான் உனக்குக் கைவந்த கலையாச்சே!"

அம்மாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

மாரியம்மன் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர் டிரசர் ஐயா. மவுத் ஆர்கனை 'ஆர்மோனியத்தோட தம்பி' என்பார். இரண்டிலும் காற்றுப் பட்டு அதிர்வது ரீடு என்ற மெல்லிய பித்தளை நாக்குதான். இந்தக் குடும்பத்தின் மூத்தவர்கள் நம் ஆசியாவில்தான் இருக்கிறார்கள்: சீனர்களின் ஷெங், நம் சபா மாநிலத்தில் கடசான் டூசுன் மக்கள் சுரைக்குடுக்கையில் மூங்கில் குழாய்களைச் செருகி வாசிக்கும் சொம்போத்தோன். ஜெர்மனியில் துரோசிங்கன் என்ற சிற்றூரில் கடிகாரத் தொழிலாளியாக இருந்த மத்தியாஸ் ஹோனர் 1857இல் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கினார். முதல் ஆண்டில் செய்தவை 650தான். டிரசர் ஐயாவிடம் இருந்தது அந்தக் கம்பெனி 1896இல் கொண்டுவந்த 'மரீன் பேண்ட்' வகை. பத்துத் துளை, இருபது ரீடு, நடுவில் சீப்புப் பல் போல வெட்டிய மரத்துண்டு. சுருதி ஒரு கட்டை, அதாவது மேற்கத்திய C.

நான்காம் துளையில்தான் பாடம் தொடங்கியது. ஊதினால் ஸ, இழுத்தால் ரி. ஐந்தில் ஊதினால் க, இழுத்தால் ம. ஆறில் ப, த. இதுவரைக்கும் ஊஞ்சல் மாதிரி போகும். ஏழில்தான் வம்பு. அங்கே முதலில் இழுக்க வேண்டும், அது நி. பிறகு ஊதினால்தான் மேல் ஸ. ஆறில் இழுத்த மூச்சோடு ஏழிலும் இழுக்க வேண்டும். இரண்டு வாரம் நான் அதில் தடுக்கி விழுந்தேன். முழுசாக வந்த நாளில், "டேய், இதுதான்டா சங்கராபரணம்" என்றார். எனக்கு அது ஏதோ பாம்பின் பெயர் மாதிரி இருந்தது.

கீழ் ஸ்தாயியில், அதாவது முதல் மூன்று துளைகளில், ம, த இரண்டுமே கிடையாது. ஒன்று முதல் நான்கு துளை வரை சேர்த்து ஊதினாலும் இழுத்தாலும் கேட்க இதமான கூட்டுச் சுரம் வர வேண்டும் என்பதற்காக அவற்றை விட்டுவிட்டார்கள். டிரசர் ஐயா விடுவாரா? இரண்டாம் துளையை இழுக்கும்போது நாக்கைப் பின்னால் வாங்கித் தொண்டையை அகட்டுவார். ப மெதுவாக வழுக்கி ம-வில் போய் நிற்கும். மூன்றில் நி இறங்கி த ஆகும். ஆர்மோனியத்தில் வராத, சுரத்தை வழுக்கி அசைக்கும் கமகம் இந்தத் தம்பியிடம் வரும் என்று அவருக்கு ஒரே பெருமை. நான் சீனக் கடையில் சேமிப்புக் காசைக் கொடுத்து வாங்கிய இரட்டை வரிசை மவுத் ஆர்கனில் அது நடக்கவில்லை. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு, ஒன்று இம்மி கூடுதல் சுருதி. அதனால் ஒலி அலையலையாக நடுங்கும். சினிமாப் பாட்டுக்கு இனிமைதான், ஆனால் வளையாது. எனக்கு இன்றுவரை அந்த நடுக்கம் அலுப்புத்தான்.

1974, நம் பள்ளியின் பரிசளிப்பு விழா. டிரசர் ஐயாவின் பத்துத் துளையை இரவல் வாங்கி மேடையேறினேன். திரைக்குப் பின்னால் யாரோ கொடுத்த முறுக்கை மென்றுவிட்டு, வாய் கூடக் கொப்பளிக்காமல். இரண்டாவது வரியில் ஏழாம் துளையை இழுக்கிறேன், காற்றுதான் வருகிறது. மறுபடி இழுத்தேன். நி செத்துவிட்டது. முன்வரிசையில் சிரிப்பு. எனக்கு உண்மையான இழுப்பே வந்துவிடும் போல இருந்தது.

மேடை ஓரத்தில் நின்ற டிரசர் ஐயா ஐந்து விரலைக் காட்டினார். எனக்கு விளங்கவில்லை. "மோகனம்டா, மோகனம்!" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. ஸ ரி க ப த, ஐந்தே சுரம். அதில் ம-வும் இல்லை, நி-யும் இல்லை. பஜனையில் அவர் வாசித்துக் கேட்ட ஒரு மெட்டைப் பிடித்தேன். ஏழாம் துளையை ஊத மட்டும் செய்தேன். கைதட்டல் கிடைத்தது, பரிசு கிடைக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பேனாக்கத்தியால் மூடியைக் கழற்றினார். இழுக்கும் ரீடுகள், அவற்றைப் பதித்த தகட்டின் வெளிப்பக்கம் இருப்பதால் அப்படியே தெரிந்தன. நான் ஊதியபோது உள்ளே போன துணுக்கு, ரீடுக்கும் தகட்டுக்கும் இடையில் வசமாக மாட்டியிருந்தது. ஊசி போடும் ஊசியால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கடுகளவு கூட இல்லை.

இழுப்பு என்னை விட்டுப் போகவில்லை. மெல்பர்னில் இதை எழுதும்போதும் சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கிறது. நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சியாக மவுத் ஆர்கன் கற்றுக்கொடுக்கும் மருத்துவமனைகள் இப்போது உண்டு என்று கேள்விப்பட்டபோது டிரசர் ஐயாவைத்தான் நினைத்துக்கொண்டேன். தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆஸ்பத்திரியும் இல்லை.

அன்று முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் மூன்று பேராவது நம் பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்த முறுக்கைக் கொடுத்தது யார் என்பதை மட்டும் அடுத்த மலருக்குள் சொல்லிவிடுங்கள்.