டிராவலரில் இன்னோவா சீட்: வேலைக் குறிப்பு

மார்ச் 3

சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையிலிருந்து இன்னோவா கேப்டன் சீட் (தனித்தனி ஒற்றை சீட்) ஒரு ஜோடி வந்தது. ஃபோர்ஸ் டிராவலர் வேனில் டிரைவருக்குப் பின்வரிசைக்கு. வாங்கும்போதே பெல்ட், அது சுருண்டுகொள்ளும் ரீல், பக்கிள், போல்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் உள்ளே பக்க ஏர்பேக் இருக்கலாம் என்று அர்த்தம். அந்த வயரில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது. இந்த ஜோடியில் அது இல்லை.

சீட் எண்ணிக்கை மாறுவதால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் (மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52). மனு போட்டாகிவிட்டது.

மார்ச் 5

தட்டையான தரையில் வைத்ததும் சீட் ஆடியது. கார் தரை மேடும் பள்ளமுமானது. நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்காது. இதில் வித்தியாசம் 22 மி.மீ. போல்ட்டை இறுக்கியே கீழே இழுத்துவிடலாம் என்று நினைத்தால் சீட் முன்னும் பின்னும் நகரும் ரெயில் முறுக்கிக்கொள்ளும். சீட் நகராமல் போனால்கூடப் பரவாயில்லை, ஒரு பக்க லாக் மட்டும் விழுந்தால் வெளியே தெரியாது, பிரேக் அடிக்கும்போதுதான் தெரியும்.

40×40×3 சதுரக் குழாயில் ஸ்டாண்ட். சீட்டை மேலே வைத்து டேக் (சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் போட்டு, சீட்டை எடுத்த பிறகுதான் முழு வெல்டிங். பொறி ரெயிலுக்குள் விழுந்தால் உருளை சிக்கும். ஆறிய பிறகு சீட்டை மறுபடி வைத்துப் பார்த்தோம்: ஒரு மூலை 2 மி.மீ. இழுத்திருந்தது, ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்தோம்.

மார்ச் 8

தரையில் துளை. முதலில் 4 மி.மீ., பிறகு வண்டிக்கு அடியில் படுத்து பிரேக் பைப்பும் டீசல் டேங்கும் எங்கே என்று பார்த்துவிட்டு 10.5. மேலே 12 மி.மீ. பிளைவுட். அதன்மேல் நேராக இறுக்கினால் பலகை நசுங்கிக்கொண்டே போகும், மாதத்துக்கு ஒருமுறை போல்ட் தளரும். அதனால் பலகை கனத்துக்கே வெட்டிய இரும்புக் குழாய்த் துண்டு ஒவ்வொரு துளையிலும். வண்டித் தரைத் தகட்டுக்கு அடியில் 75×75×5 பிளேட். வெறும் வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும்.

டொயோட்டா சீட் போல்ட் எம்10 (10 மி.மீ. விட்டம்), மரை இடைவெளி 1.25 மி.மீ. சாதாரணமாகக் கடையில் தரும் எம்10 நட் 1.5. இரண்டு சுற்று கையால் ஏறும், பிறகு நிற்கும். ‘துரு பிடித்திருக்கு’ என்று ஸ்பானர் போட்டால் மரை போச்சு.

மார்ச் 11

பெல்ட்தான் உண்மையான வேலை. இன்னோவாவில் ரீல் சீட்டில் இல்லை, பாடித் தூணில் இருக்கிறது. டிராவலரின் தூணோ மெல்லிய தகடு. காருக்கான ஐ.நா. விதி 14 பெல்ட் பிடிமானத்தை 13.5 கிலோநியூட்டன் இழுத்துச் சோதிக்கச் சொல்கிறது, ஏறக்குறைய 1,375 கிலோ எடை. தூணில் துளை போட்டு நட் வைத்தால் நிற்காது. 5 மி.மீ. பிளேட்டை நான்கு பக்கமும் பற்றவைத்து, அதில் நட். பெல்ட் போல்ட் 7/16 அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவு நுண்மரை), அங்குலத்துக்கு 20 மரை. மெட்ரிக் நட் எதையும் போடக் கூடாது.

பொருத்தியதும் பெல்ட் வெளியே வரவில்லை. ரீல் கெடவில்லை. உள்ளே சாய்வை உணரும் சிறு குண்டு இருக்கிறது. தூண் உட்புறம் சாய்ந்திருப்பதால் அது பூட்டிக்கொண்டது. ஆப்பு வடிவ பிராக்கெட் செய்து, இன்னோவாவில் நின்ற அதே கோணத்துக்கு ரீலைக் கொண்டுவந்ததும் வழவழவென்று வந்தது. சட்டென்று இழுத்தால் பூட்டுகிறது.

மார்ச் 14

சீட் போல்ட் 45 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, தலையில் பெயின்ட் கோடு. அடிப் பிளேட்டுகளுக்கு ரெட் ஆக்சைடு, மேலே அண்டர்கோட்டிங். 500 கி.மீ. ஓடியதும் கோடு நகர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.