பிரசவ அறையிலேயே போட வேண்டிய ஊசி

குமரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். கர்ப்பிணியின் அட்டையில் ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ் கிருமி) பாசிட்டிவ் என்று பார்த்தால், பிரசவத்துக்கு முன்பே இரண்டு மருந்தையும் எடுத்து வைக்கச் சொல்லிவிடுவேன். பிள்ளை பிறந்து 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, கூடுமானவரை 12 மணி நேரத்துக்குள் இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே இந்தக் கிருமியை விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அது தங்கிவிடும். பல வருடம் கழித்து ஈரல் சுருங்கவோ புற்றுநோய் வரவோ செய்யும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தடுப்பூசி தனி அறையில் பூட்டியிருக்கும். சனிக்கிழமை ராத்திரி பிறந்த பிள்ளைக்குத் திங்கட்கிழமைதான் ஊசி. கேட்டால், "ஒரு பிள்ளைக்காகப் பத்து டோஸ் குப்பியைத் திறக்கவா?" என்பார்கள். எனக்கு ஆறவே ஆறாது. உறையவிடாமல், சரியான குளிரில், திறந்த தேதியை எழுதி வைத்தால் 28 நாள் வரை அதே குப்பியிலிருந்து போடலாம் என்று அரசு விதியே இருக்கிறது. அப்படியே கொஞ்சம் வீணானால்தான் என்ன? இப்போது இருக்கும் இடத்தில் பரவாயில்லை, வைட்டமின் கே போடும் கையோடு இதையும் போட்டுவிடுகிறோம், ஞாயிறானாலும் சரி.

ஊசியை விடக் கஷ்டம், தாயிடம் பேசுவது. மீனவர் ஊரான தூத்தூர் பக்கத்துப் பெண்ணென்றால் கணவர் பெரும்பாலும் ஆழ்கடலில் இருப்பார், கூட மாமியார் இருப்பார். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன். அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது, "பால் கொடுக்கலாமா சிஸ்டர்?" என்றுதான். "தாராளமா குடு மக்ளே" என்பேன். தாய்ப்பாலால் இது பரவாது. கணவருக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்பதை அப்புறம்தான் சொல்வேன், பால் பயம் போகாமல் வேறெதுவும் காதில் ஏறாது.

ரத்தத்தில் கிருமி அளவு ஒரு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டைத் தாண்டினால், கர்ப்பத்தின் 28 வாரத்திலிருந்தே தாய்க்குக் கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை உண்டு. அதனால் முதல் மூன்று மாதத்திலேயே பரிசோதனை முடிந்திருப்பது நல்லது.

6, 10, 14 வார ஊசிகளுக்குத் தவறாமல் வருகிறார்கள். ஒன்பது மாதம் கழித்து, கிருமி தொற்றியிருக்கிறதா என்று பிள்ளைக்கு ரத்தம் பார்க்கத்தான் வருவதில்லை. பிள்ளை நன்றாகத் தவழ்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் அன்றே, தாயின் சம்மதம் கேட்டு, அவர்கள் ஊர் கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டு அந்த மாதத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.