நிக்கலைக் குறைக்கப் போய்

எஞ்சினிலிருந்து எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை எழுநூறு, எண்ணூறு டிகிரியில் வேகும். சாதாரண எஞ்சினுக்கு 21-4என் என்ற எஃகு போதும்: குரோமியம் 21 சதவீதம், மாங்கனீஸ் 9, நிக்கல் வெறும் 4. சூடு இன்னும் ஏறினால் நிமோனிக் 80ஏ என்ற கலப்பு உலோகம். அதில் முக்கால் பங்கு நிக்கல்தான். விலையைச் சொன்னதும் எங்கள் பர்ச்சேஸ் ஆள் பேச்சை மாற்றிவிடுவார்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும். நிக்கல் 30 சதவீதம், பெரும்பகுதி இரும்பு. ஜப்பான்காரர்கள் முன்பே செய்ததுதான், புதுமை ஒன்றும் இல்லை. நம் அடுப்பில், நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் வருமா என்பதே கேள்வி.

முதல் ஹீட்டை, அதாவது முதல் தடவை உருக்கிய உலோகத்தை, காற்றுப்படும்படி திறந்த இண்டக்‌ஷன் அடுப்பிலேயே உருக்கினோம். காற்றை உறிஞ்சிவிட்டு உருக்கும் வாக்குவம் அடுப்பு செலவு என்று என் பிடிவாதம். "டைட்டானியத்தைப் போட்டதும் பொரியுது சார், இது நிக்காது" என்றார் உருக்கும் அண்ணன். நான் கேட்கவில்லை. மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பொன்னிறத்தில் குட்டிக் குட்டிச் சதுரங்கள். டைட்டானியம் காற்றிலிருந்த நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடாகியிருந்தது. பார்க்க அழகு, ஆனால் விரிசல் கிளம்புவதே அங்கிருந்துதான். காற்றை விலக்க ஆர்கான் வாயுவை ஊதிப் பார்த்தோம், குறைந்ததே தவிர ஒழியவில்லை. கடைசியில் வாக்குவம் அடுப்புக்கே போனோம். நிக்கலில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போயிற்று.

அடுத்த தலைவலிதான் பெரியது. இந்த உலோகத்துக்குச் சூட்டில் பலம் தருவது காமா பிரைம் என்ற நுண்துகள்கள்; நிக்கலோடு டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்து உண்டாவது. டைட்டானியத்தைத் தாராளமாகப் போட்டதில் ஆரம்பக் கடினத்தன்மை பிரமாதமாக வந்தது. 800 டிகிரியில் 400 மணி நேரம் வைத்து எடுத்தபோது இறங்கிப்போயிருந்தது. அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவிப் பார்த்தேன். உலோகத்தின் நுண்படிகங்கள் (கிரெயின்) ஒன்றையொன்று தொடும் எல்லைகளிலிருந்து உள்ளே ஊசி ஊசியாக ஈட்டா கட்டம்; நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த, பலம் தராத இன்னொரு சேர்மம். காமா பிரைமைத் தின்றே அது வளர்கிறது.

மருந்து தெரிந்ததுதான்: டைட்டானியத்தைக் குறை, அலுமினியத்தைக் கூட்டு. ஆத்திரத்தில் அலுமினியத்தை அதிகமாகவே கூட்டிவிட்டேன். வால்வு செய்யும்போது கம்பியின் முனையில் மின்சாரம் பாய்ச்சி, வெங்காயம் மாதிரி உப்ப வைத்து, அப்புறம் அச்சில் அடிப்பார்கள். அந்த வெங்காயமே தோல் உரிந்ததுபோல வெடித்தது. ஃபோர்ஜிங் ஷாப்பில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

மூன்று ஹீட் கழித்து ஒரு அளவு பிடிபட்டது. தலைக்கு மட்டும் இந்த உலோகம்; தண்டுக்கு மலிவான குரோம்-சிலிக்கான் எஃகு, ஃப்ரிக்‌ஷன் வெல்டிங்கில், அதாவது தேய்க்கும் சூட்டிலேயே, ஒட்டியது. தண்டின் நுனியைக் கடினப்படுத்த அந்த எஃகுதான் தோது.

போன வாரம் எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டிலிருந்து எட்டு வால்வு திரும்பி வந்தன. கரியைச் சுரண்டிவிட்டு லென்ஸில் பார்த்தேன். ஏழில் விரிசல் இல்லை. எட்டாவதில், வால்வு உட்கார்ந்து மூடும் சீட் விளிம்பில் மயிரிழையளவு ஒன்று. அதை அறுக்கக் கொடுத்திருக்கிறேன்.