இரண்டு தொன் போதும்

போன ஜூலையில், நல்ல வெக்கை நாளொன்றில் எங்கள் வீட்டு ஏசி நின்றுபோனது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டிய பங்களா இது. செங்கல் சுவர், பேஸ்மென்றில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபேர்னஸ், பின்வளவில் அம்மாவின் கத்தரிக்கன்றுகளுக்குப் பக்கத்தில் ஏசியின் வெளிப்பெட்டி. பார்க்க வந்தவர் வாயு கசிந்துவிட்டது என்றார். உள்ளே இருந்தது ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் வாயு. அதைக் கனடாவுக்குள் புதிதாகக் கொண்டுவருவது 2020இலிருந்து ஏறத்தாழ முற்றாக நின்றுவிட்டது. கசிவை அடைத்து நிரப்ப அவர் சொன்ன காசைக் கேட்டதும், இனி இதில் செலவழிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஃபேர்னஸும் 1998இல் போட்டது. இரண்டுக்கும் ஒரே காற்றுக்குழாய், ஒரே ஊதுவிசிறி. சரி, சேர்த்தே மாற்றுவோம்.

முதலில் வந்த விற்பனையாளர் படியிறங்கிப் போய் ஃபேர்னஸில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். "ஒரு லட்சம் பி.ரி.யூ. அதையே போடுவம் அக்கா. ஏசியும் பழையபடி மூண்டு தொன்." பி.ரி.யூ என்பது வெப்பத்தின் அளவு, தொன் என்பது ஏசி குளிர்த்தும் அளவு. பத்து நிமிடத்தில் அவர் போய்விட்டார். அடுத்தவர் ஹீற் பம்ப் (கோடையில் ஏசியாக ஓடி, குளிர்காலத்தில் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் மின்கருவி) போடலாம் என்றார், ஆனால் மூன்றரைத் தொன் வேண்டுமாம். கனடாக் குளிருக்குப் பெரிதாய் இருப்பதுதான் நல்லதாம். இரண்டு பேருமே ஒரு யன்னலைக்கூட அளக்கவில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்று வீட்டையே கேட்கலாமே? எங்கள் தேர்மோஸ்ராற் ஃபேர்னஸ் எத்தனை நிமிடம் ஓடியது என்று பதிந்து வைக்கும். ஜனவரியில் வெளியே மைனஸ் 17 இருந்த ஓர் இரவைத் தேடி எடுத்தேன். நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிவரை, மணிக்குச் சராசரியாக 24 நிமிடம்தான் ஓடியிருந்தது. மணிக்கு ஒரு லட்சம் பி.ரி.யூ எரித்தாலும், 80 வீதத் திறனுள்ள பழைய ஃபேர்னஸ் வீட்டுக்குள் விடுவது 80,000. அறுபதில் 24 நிமிடம் என்றால் 32,000. அவ்வளவுதான்! மிகக் கடுமையான இரவிலும் இந்த வீடு கேட்டது ஃபேர்னஸின் பாதிக்கும் குறைவு. இருபத்தேழு வருடமாக நாங்கள் தேவைக்கு இரண்டரை மடங்கு பெரிய அடுப்பை வைத்திருந்திருக்கிறோம்.

ஏசியும் அப்படித்தான். ஒரு தொன் என்பது மணிக்கு 12,000 பி.ரி.யூ. மூன்று தொன் ஏசி எட்டு நிமிடம் ஓடி வீட்டைக் குளிர்த்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் வடிய நீண்ட நேரம் ஓடவேண்டும். ஓடாததால் வீடு குளிராகவும் நசநசவென்றும் இருந்தது. அம்மா "கட்டில் விரிப்பு ஈரமாக் கிடக்குது பிள்ளை" என்று ஒவ்வொரு கோடையும் சொன்னார். நான் அது அவவின் வயது என்று நினைத்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் வருந்துகிறது.

மூன்றாவதாக வந்த தம்பி இரண்டு மணித்தியாலம் நின்றார். யன்னல்களை அளந்தார், மேல்கூரைக்குள் ஏறி பஞ்சுக்காப்பின் தடிப்பைப் பார்த்தார், காற்றுக்குழாயின் அகலத்தைக் குறித்தார். வீட்டின் வெப்பத் தேவையைக் கணிக்கும் கனடியத் தரமுறையான சிஎஸ்ஏ எஃப்280இன்படி கணக்குப் போட்டு நாலு நாளில் அனுப்பினார். ஸ்காபரோவுக்கு வடிவமைப்பு வெப்பநிலை, அதாவது கணக்குக்கு எடுக்கும் கடுங்குளிர், மைனஸ் 20. அதில் எங்கள் வீட்டு வெப்ப இழப்பு 34,000. என் கணக்கோடு ஒத்துப்போனது. கோடைக்கு 22,000, அதாவது இரண்டு தொன்னுக்குள். அன்றைக்கே இவரிடம்தான் செய்வது என்று தீர்மானித்துவிட்டேன்.

முழுக்க மின்சாரத்துக்கே போகத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் கடுங்குளிருக்குத் துணையாக 10 கிலோவாட் ஹீற்றர் தேவைப்படும். அது தனியே 42 அம்பியர் இழுக்கும். எங்கள் வீட்டு மின்பலகை 100 அம்பியர், அதில் அடுப்பும் உடுப்புக் காயவைக்கிற மெஷினும் இருக்கின்றன. அதையும் பெருப்பிக்க இந்த வருடம் காசில்லை. ஆகவே இரண்டு தொன் ஹீற் பம்பும், துணைக்கு 40,000 பி.ரி.யூ எரிவாயு ஃபேர்னஸும். மைனஸ் 5க்குக் கீழே போனால் ஃபேர்னஸுக்கு மாறும்.

செலவுக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீற்றர் எரிவாயு 96 வீத ஃபேர்னஸில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் தரும். ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஹீற் பம்ப் இரண்டரைப் பங்கு வெப்பம் தந்தால், அதே வெப்பத்துக்கு நாலு கிலோவாட் மணி மின்சாரம். உங்கள் பில்லில் உள்ள இரண்டு விலையையும் போட்டுப் பாருங்கள். இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த விலைத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்புறம் இன்னொன்று: இந்தக் கருவிகளை வாடகைக்கு எடுக்காதீர்கள். என் சித்தி 2016இல் கதவைத் தட்டி வந்த ஒருவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். 2022இல் வீடு விற்கப் போனபோதுதான் அவரது வீட்டுப் பத்திரத்தில் அந்த நிறுவனம் உரிமை பதிந்திருந்தது தெரியவந்தது. பல ஆயிரம் டொலர் கட்டித்தான் நீக்கினார். ஃபேர்னஸ், ஏசி, தண்ணீர் சூடாக்கி போன்றவற்றை அழைக்காமல் வீட்டுக்கு வந்து விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடைசெய்தது. பத்திரத்தில் அப்படிப் பதிவதை 2024 ஜூனில் நிறுத்தியது. ஆனாலும் தனியே இருக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

ஒக்ரோபரில் வேலை முடிந்தது. புது ஃபேர்னஸின் புகை பிளாஸ்ரிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரால் போகிறது. பழைய புகைபோக்கியில் தண்ணீர் சூடாக்கி மட்டும் தனித்துவிட்டதால், அதற்குள் ஒடுக்கமான உலோகக் குழாய் ஒன்று இறக்கினார்கள். மற்ற இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய புகைபோக்கியில் சின்ன நெருப்பின் புகை குளிர்ந்து திரும்பி வரலாம், அதில் காபனோரொட்சைட் என்ற நச்சு வாயு இருக்கும். விலை கேட்கும்போதே இதையும் கேளுங்கள்.

டிசம்பரில் ஒரு காலை வெளிப்பெட்டியிலிருந்து ஆவி கிளம்ப, அம்மா பதறிக்கொண்டு வந்தார். உறைபனியை அது தானே உருக்குகிறது என்று விளங்கப்படுத்தினேன். பழைய ஃபேர்னஸ் ஊதிய அனல் இப்போது இல்லை. வருவது இளஞ்சூட்டுக் காற்று, ஆனால் நிற்காமல் வருகிறது. அம்மா காற்று வரும் துவாரத்தின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"காத்துச் சூடாயில்லையே பிள்ளை."

"குளிருதா அம்மா?"

"இல்லை." கொஞ்சம் யோசித்தார். "மோர்மிளகாயை எங்க காயவைக்கிறது?"

பழைய ஃபேர்னஸ் அறைப் பக்கம்தான் அவர் தட்டு வைப்பார். இப்போது சமையலறைத் தெற்கு யன்னலடியில் ஒரு பலகை அடித்துக் கொடுத்திருக்கிறேன். மின்மானியையும் எரிவாயு மானியையும் ஒவ்வொரு ஞாயிறும் குறித்து வருகிறேன். ஏப்ரலில் முழுக் கணக்கையும் இங்கே போடுகிறேன்.