1913: டப்ளினும் நியூகாஸிலும்

சில மாதங்களாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்துத் தேசியவாதிகள் எழுதிய கட்டுரைகளைப் படித்து வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு அவற்றில் என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியவர் ஐரிஷ் மொழி அறிஞர் டக்ளஸ் ஹைட். 1892ஆம் ஆண்டு டப்ளினில் அவர் ஆற்றிய உரைதான் பின்னர் வந்த கட்டுரைகள் பலவற்றுக்கும் ஊற்று. மறு ஆண்டே ஐரிஷ் மொழியை மீட்கும் அமைப்பான கேலிக் லீக் தோன்றியது. ஆங்கிலேயரை வெறுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவர்களைப் போலப் பேசுகிறோம், நம் குடும்பப் பெயர்களைக்கூட அவர்கள் வாய்க்கேற்ப மாற்றிக்கொள்கிறோம் என்று ஹைட் வருந்துகிறார். எங்கள் வீட்டில் கவுண்டர் என்பது கோவெண்டர் ஆனது. அயர்லாந்துக்காரர் பலர் தாமே பெயரை மாற்றிக்கொண்டார்கள். எங்களுக்கோ, கப்பலேறி வந்த கூலிகளின் பெயரை எழுதிய எழுத்தர்கள் மாற்றினார்கள். ஆனாலும் மூன்றாம் தலைமுறையில் தமிழ் எழுத்தே தெரியாமல் வளர்ந்த எங்கள் நிலை அவர் சொன்னதிலிருந்து அதிகம் விலகியதல்ல.

பத்திரிகையாளர் ஆர்தர் கிரிஃபித் வேறு வகையில் எங்களுக்கு நெருக்கமானவர். 1897இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதிக்கு வந்து மிடில்பர்க்கில் ஒரு செய்தித்தாளை நடத்தியவர். ஹங்கேரியர் வியன்னா நாடாளுமன்றத்தைப் புறக்கணித்துத் தன்னாட்சி பெற்றதைச் சான்றாக்கி, அயர்லாந்து உறுப்பினர்களும் லண்டனை விட்டு வெளியேற வேண்டும் என்று 1904இல் தொடர்ந்து எழுதினார். அந்தச் சிந்தனையிலிருந்து வளர்ந்த சின் ஃபெயின் இயக்கத்தைக் காந்தி 1907இல் டர்பன் அருகே அச்சான 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் எடுத்துக்காட்டினார். இதைப் படித்தபோது கிரிஃபித்தை எங்களுக்கும் வழிகாட்டியாகவே எண்ணினேன்.

அந்த எண்ணத்தை 1913 கலைத்தது. அவ்வாண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்துத் தேசியவாதி ஜான் மிட்செலின் சிறைக் குறிப்புக்கு எழுதிய முன்னுரையில், மிட்செல் அடிமை முறையை ஆதரித்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்றும், கறுப்பினத்தவரைத் தனக்குச் சமமாகக் கருத அயர்லாந்துத் தேசியவாதி மறுத்தால் அதில் பிழையில்லை என்றும் கிரிஃபித் வாதிட்டார். டிரான்ஸ்வாலில் வாழ்ந்து, அங்கே கறுப்பினத்தவரும் எங்கள் மக்களும் நடத்தப்பட்ட விதத்தை நேரில் காண வாய்ப்புப் பெற்ற ஒருவரின் பேனாவிலிருந்து இது வந்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அதே ஆண்டு டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத்தினரை வேலையிலிருந்து வெளியேற்றி ஆலைகளை மூடியபோது, தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் லார்கினின் தொழிற்சங்கத்தையும் கிரிஃபித் எதிர்த்தார்.

அந்தத் தொழிலாளர் பக்கம் நின்றவர் சோஷலிசவாதி ஜேம்ஸ் கானலி. ஆங்கிலப் படை வெளியேறி ஆங்கிலேய ஆட்சியின் தலைமையிடமான டப்ளின் கோட்டையில் அயர்லாந்தின் பச்சைக் கொடி ஏறினாலும், நிலமும் தொழிலும் பழைய கைகளிலேயே இருந்தால் இங்கிலாந்தே தொடர்ந்து ஆளும் என்று அவர் 1897லேயே எழுதியிருந்தார். டப்ளினில் குடும்பங்கள் பட்டினியில் கிடந்த அதே அக்டோபரில், நேட்டால் மாகாணத்து நியூகாஸிலில், டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களின் அழைப்பை ஏற்று இந்திய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண்டு ஆண்டு வரியை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. மறு ஆண்டு அந்த வரி நீக்கப்பட்டது. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் கிளர்ச்சியில் பங்கேற்ற கானலி 1916 மே 12 அன்று காயத்தோடு நாற்காலியில் அமர்த்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். நியூகாஸில் சுரங்கத்தாரை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, கிரிஃபித்தின் முன்னுரையில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு அவர் கட்டுரைகளில் இடம் இருக்கிறது என்றே மனைவியிடம் சொன்னேன்.